தோற்பவரிடம் கற்க வேண்டியது: தொழில்முறை மல்யுத்தம் குறித்து ஒரு விவாதம்

கயிற்றுமூலை (இழையைத் தொடங்கியவர்)

ரெஸ்லிங் பார்த்து வளர்ந்தவர்களிடம் அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: விழுந்தால் எழு, விடாமல் போராடு, கடைசியில் வெல்வாய். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முடிவை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு நடக்கும் ஆட்டம் அது. வெல்பவருக்கு வெற்றியைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது தோற்பவரை. கடினமான வேலை அவருடையது.

1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில், WWE (அன்றைய பெயர் WWF) நிறுவனத்தின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியா மூன்றாவது முறையாக நடந்தது. ஹல்க் ஹோகன், ஆந்த்ரே தி ஜயன்ட்டைத் தூக்கிக் கீழே போட்ட காட்சியைப் பார்க்காத ரசிகர் அநேகமாக இருக்க மாட்டார். ஆந்த்ரேயின் எடை 520 பவுண்டு என்று அறிவித்தார்கள். அவர் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். உடைக்குள் முதுகுப் பட்டை கட்டியிருந்தார். நடப்பதே வலி. அவர் மனம் வைக்காமல் அவரைத் தரையிலிருந்து கிளப்ப எவராலும் முடியாது. மனம் வைத்தார், உடம்பையும் கொடுத்தார். அதன் பிறகு பல ஆண்டுகள் ஹோகன்தான் அந்தத் தொழிலின் முகம்.

இன்னொன்று, நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது. 1992 ஆகஸ்ட் 29, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். பிரெட் ஹார்ட்டும் அவருடைய தங்கை கணவர் டேவி பாய் ஸ்மித்தும் மோதினார்கள். டேவி இங்கிலாந்துக்காரர், ஆகவே சொந்த மண்ணில் அவர் வெல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் டேவிக்குப் பேசிவைத்தது எல்லாம் மறந்துவிட்டது என்று பிரெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மீதி ஆட்டம் முழுவதும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் காதோரம் சொல்லிச் சொல்லி அவரை நடத்திச் சென்றவர் பிரெட். முடிவில் தோற்றவரும் அவரே. அரங்கம் கொண்டாடியது டேவியை.

தன் பெயர் வெளியே வராத ஒரு வேலையைக் குறையில்லாமல் செய்து முடிக்க என்ன மனம் வேண்டும்? அதைப் பற்றி இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன்.

தஞ்சை வாசகர்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அடிப்படையிலேயே எனக்கு ஒரு கேள்வி. இது விளையாட்டே அல்ல என்று WWE நிறுவனமே அரசிடம் சொல்லிவிட்டது. 1989 இல் நியூ ஜெர்சி மாநில செனட்டில், விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுவதற்காக, இது வெறும் பொழுதுபோக்குதான் என்று ஒப்புக்கொண்டார்கள். வரியை மிச்சப்படுத்த உண்மையைச் சொன்னவர்களிடம் வாழ்க்கைப் பாடம் தேட வேண்டுமா?

கயிற்றுமூலை

ஐயா, துரியோதனன் சாவான் என்று தெரிந்துதான் கூத்து பார்க்க விடிய விடிய உட்காருகிறோம். முடிவு தெரிவது ஒரு குறையே அல்ல. அந்த முடிவுக்கு எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதில்தான் தொழில் இருக்கிறது. நிறுவனம் வரிக்காகச் சொன்னது நிறுவனத்தின் விவகாரம். நான் பேசுவது ரிங்குக்குள் இருக்கும் இரண்டு மனிதர்களைப் பற்றி.

முதுகெலும்பு

இயன்முறை மருத்துவம் என் தொழில். அந்தக் கண்ணோடு சில விஷயங்கள் சொல்கிறேன், ஏனென்றால் ‘நடிப்பு’ என்ற சொல் இந்த விவாதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது.

ரிங்கின் தரை மெத்தை அல்ல. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதற்கு மேல் மெல்லிய ஃபோம், அதை மூடி ஒரு கான்வாஸ். அவ்வளவுதான். அதில் விழுவதை அவர்கள் ‘பம்ப்’ என்கிறார்கள், பயிற்சிப் பள்ளிகளில் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான். தாடை மார்போடு ஒட்டியிருக்க வேண்டும், பின்தலை தரையைத் தொடக் கூடாது. மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படவேண்டும். இரு கைகளும் தரையை அறைய வேண்டும், மூச்சு வெளியே போயிருக்க வேண்டும். அடி பரவினால் தாங்கலாம், ஓரிடத்தில் குவிந்தால் எலும்பு போகும். சரியாக விழுந்தாலும் வலிக்கத்தான் செய்யும். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான இரவுகள் அப்படி விழுந்தவர்களின் கழுத்தும் இடுப்பும் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதுவரை சொன்னது விழுபவரின் கையில் இருப்பது. சில பிடிகளில் விழுபவரின் கையில் எதுவுமே இல்லை. பைல்டிரைவர் என்று ஒன்று. எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்குவது. தலைகீழாக இருப்பவரின் தலை, பிடித்திருப்பவரின் தொடைக்கு மேலே இருக்கிறதா, கீழே தொங்குகிறதா என்பதில்தான் அவர் எதிர்காலம் இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம் என்ற நிகழ்ச்சியில் பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட் அப்படிப் பிடித்து உட்கார்ந்தபடி இறங்கியபோது ஸ்டீவ் ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் மோதியது. ஆஸ்டினால் சில நிமிடங்கள் கைகால்களைச் சரியாக அசைக்க முடியவில்லை. ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தி நேரம் கடத்தினார். ஆஸ்டின் ஊர்ந்து வந்து, ஏற்கெனவே பேசியபடி ஓவனைச் சுருட்டிப் பிடித்து வென்றார். அந்த ஒரு பிடியைப் போல மோசமான வெற்றிப்பிடியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அப்போது அவருக்கு இருந்தது கழுத்துக் காயம். 2003 இல் அவர் ரிங்கிலிருந்து விலகியதற்கும் அந்தக் கழுத்தே முக்கியக் காரணம்.

ஆகவே கயிற்றுமூலை சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தோற்பவர் வெல்பவருக்குப் புகழைக் கொடுக்கிறார், சரி. வெல்பவர் தோற்பவருக்கு உயிரைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இரண்டும் சேர்ந்தால்தான் அது நேர்மையான தொழில்.

இரவுப்பணி

முதுகெலும்பு சொன்னதைப் படித்ததும் பிரெட் ஹார்ட் நினைவுக்கு வந்தார். தன்னோடு மோதிய எவரையும் பெரிய காயத்துக்கு ஆளாக்கியதில்லை என்பதைத் தன் பட்டங்களைவிடப் பெருமையாகச் சொல்பவர் அவர்.

அவர் வாழ்க்கையில் இரண்டு துரோகங்கள் நடந்தன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது உலகறிந்தது. 1997 நவம்பர் 9, மாண்ட்ரியல். பிரெட் நிறுவனத்தை விட்டுப் போகப்போகிறார். சொந்த நாடான கனடாவில், ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தை இழக்க அவருக்கு மனமில்லை. வேறு ஏற்பாடு பேசி முடித்தார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவில், ஷான் அவரைப் பிடியில் வைத்திருந்தபோது, பிரெட் சரணடையாமலேயே மணி அடிக்கச் சொன்னார் முதலாளி வின்ஸ் மக்மேன். நடுவரும் உடந்தை, ஷானும் உடந்தை. பிரெட்டின் முகத்துக்கு நேரே, அவர் நாட்டு மக்கள் முன்னால், பட்டத்தைப் பறித்தார்கள்.

இரண்டாவது 1999 டிசம்பரில். வேறு நிறுவனம், ஸ்டார்கேட் நிகழ்ச்சி. கோல்ட்பர்க் உதைத்த ஓர் உதை தலையில் இறங்கியது. மூளை அதிர்ச்சி. அதோடு பிரெட்டின் ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது. 2002 இல் பக்கவாதமும் வந்தது.

முதலாவது திட்டமிட்ட சதி. இரண்டாவதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, கவனக்குறைவு மட்டுமே. நாம் எதை மன்னிப்போம்? பிரெட் 2010 ஜனவரி 4 அன்று ரிங்கில் ஏறி ஷானோடு கைகுலுக்கினார், கட்டிப்பிடித்தார். பன்னிரண்டு ஆண்டுப் பகை அன்று தீர்ந்தது. கோல்ட்பர்க்கைப் பற்றி இன்றும் பேட்டிகளில் கசப்போடுதான் பேசுகிறார்.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. பட்டம் பறிபோனது, மானம் பறிபோனது, அதை அவர் தாண்டி வந்துவிட்டார். நம்பி ஒப்படைத்த உடம்பை அலட்சியமாகக் கையாண்டதைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தொழிலில் எது பெரிய பாவம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது என்று நினைக்கிறேன். நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவன், நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த நினைப்பு எனக்கு உண்டு.

தஞ்சை வாசகர்

இரவுப்பணி, இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஆனால் அப்படியென்றால் மன்னிப்பே இல்லையா? தெரியாமல் நடந்ததற்கு ஒருவன் வாழ்நாளெல்லாம் குற்றவாளியா?

இரவுப்பணி

அதற்கு வேறொருவர் பதில் சொல்லியிருக்கிறார். டிராஸ் என்ற பெயரில் ஆடிய டேரன் டிராஸ்டோவ். 1999 அக்டோபர் 5, நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சிப் பதிவு. டீ-லோ பிரவுன் அவரைத் தூக்கிப் போடும் வழக்கமான ஒரு பிடி. டிராஸ் அன்று தொளதொளவென்ற சட்டை அணிந்திருந்தார், பிடி சரியாக அகப்படவில்லை. தலைகுப்புற விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அந்த ஆட்டம் ஒளிபரப்பாகவே இல்லை.

அதன் பிறகு 2023 இல் இறக்கும்வரை அவர் சக்கர நாற்காலியில்தான் வாழ்ந்தார். டீ-லோவை அவர் குறை சொன்னதே இல்லை. விபத்து என்றார், அவர் மேல் தவறில்லை என்றார். டீ-லோ அந்தப் பாரத்தைச் சுமந்தார் என்பது அவர் பேச்சிலேயே தெரியும்.

பிரெட்டையும் டிராஸையும் ஒப்பிட்டு ஒருவரைப் பெரியவர் என்று சொல்ல மாட்டேன். இழந்தவருக்குத்தான் அந்த உரிமை.

பணிமனை

இழை நன்றாகப் போகிறது, ஆனால் எல்லோரும் இரண்டு தொழிலாளர்களுக்கு இடையிலான தர்மத்தையே பேசுகிறீர்கள். அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டீர்கள். நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன், என்னால் விட முடியாது.

அமெரிக்காவின் பெரிய ரெஸ்லிங் நிறுவனம் தன் வீரர்களை ஊழியர்கள் என்று சொல்வதில்லை. சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள் என்கிறது. எங்கே ஆட வேண்டும், என்ன பெயரில், என்ன உடையில், யாரிடம் தோற்க வேண்டும் என்பதெல்லாம் நிறுவனம் முடிவு செய்யும். வேறெங்கும் ஆடக் கூடாது. ஆனால் மருத்துவக் காப்பீடு என்றால், நீங்கள் ஒப்பந்தக்காரர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ரிங்கில் படும் காயத்துக்குச் செலவு செய்வார்கள். மற்றபடி ஓய்வூதியம் இல்லை, சங்கம் இல்லை.

சங்கத்துக்கு ஒருவர் முயன்றார். ஜெஸ்ஸி வெஞ்சுரா. 1986 இல் இரண்டாவது ரெஸில்மேனியாவுக்குச் சற்று முன்பு, உடைமாற்றும் அறையில் சக வீரர்களிடம் பேசினார். பெரிய நிகழ்ச்சிக்கு முன்னால் ஒன்றாக நின்றால் முதலாளி பேச வந்தாக வேண்டும் என்றார். விஷயம் உடனே மேலே போய்விட்டது, மிரட்டல் வந்தது, முயற்சி அங்கேயே முடிந்தது. காட்டிக்கொடுத்தவர் யார் என்று வெஞ்சுராவுக்குப் பல ஆண்டுகள் தெரியாது. பின்னர் வீடியோ உரிமைத்தொகைக்காக நிறுவனத்தின் மீது அவர் வழக்குத் தொடர்ந்தபோது, வின்ஸ் மக்மேன் சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொன்னார்: ஹல்க் ஹோகன். எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தவர். 1994 இல் வெஞ்சுரா அந்த வழக்கில் எட்டு லட்சம் டாலருக்கு மேல் வென்றார், பிறகு மின்னசோட்டா மாநில ஆளுநராகவும் ஆனார். சங்கம் மட்டும் வரவில்லை.

கயிற்றுமூலை, உங்கள் முதல் பதிவில் ஆந்த்ரே யாருக்காகத் தன் முதுகைக் கொடுத்தார் என்று பாருங்கள். அதே ஹோகனுக்காக. அடுத்த ஆண்டே.

கயிற்றுமூலை

பணிமனை, இதை நான் மறுக்கவில்லை. ஆந்த்ரேயின் தியாகம் ஹோகனின் குணத்தால் சிறிதாகிவிடாது என்பது என் எண்ணம். அவர் கொடுத்தது ஆட்டத்துக்கு.

பணிமனை

ஆட்டத்துக்குக் கொடுத்ததைக் கல்லாவில் எண்ணியவர் முதலாளி. ஓவன் ஹார்ட்டை நினையுங்கள். 1999 மே 23, கன்சாஸ் சிட்டி. அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் ஒரு வேடிக்கை நுழைவு. கொக்கி விடுபட்டு 78 அடி உயரத்திலிருந்து ரிங்கில் விழுந்து இறந்தார். 34 வயது. நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அடுத்த ஆட்டத்துக்கு ஆட்களை அதே ரிங்குக்கு அனுப்பினார்கள். அரங்கில் இருந்தவர்களுக்கு அவர் இறந்ததையே சொல்லவில்லை. அவர் மனைவி மார்த்தா வழக்குத் தொடர்ந்து, 1.8 கோடி டாலர் இழப்பீடு பெற்று, கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அந்த நிறுவனத்தின் புகழ்க்கூடத்தில் ஓவன் பெயரைச் சேர்க்க அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

ரெஸ்லிங்கிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் மார்த்தாவிடமிருந்து. ரசிகர்கள் பலர் அவரைப் பிடிவாதக்காரி என்று எழுதுகிறார்கள். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை.

கோவைக்காரி

பணிமனை அண்ணா, மார்த்தாவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. ரிங்குக்குள் இருந்த பெண்களைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

பெண்கள் ஆட்டம் என்றால் கழிப்பறைக்குப் போய்வரும் இடைவேளை என்று வைத்திருந்த காலம் உண்டு. 2015 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை நிகழ்ச்சியில் நான்கு பெண்கள் ஆடிய ஆட்டம் சுமார் அரை நிமிடத்தில் முடிந்தது. மூன்று மணி நேர நிகழ்ச்சி அது. அன்றிரவே பெண்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று ரசிகர்கள் சமூக வலைதளத்தை நிரப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் புரூக்ளினில் சாஷா பேங்க்ஸும் பேய்லியும் ஆடினார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்த யாரும் அதன் பிறகு ‘பெண்கள் ஆட்டம்தானே’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 2019 ஏப்ரல் 7 அன்று ரெஸில்மேனியாவின் இறுதி ஆட்டத்தையே முதன்முறையாகப் பெண்கள் ஆடினார்கள்: பெக்கி லிஞ்ச், ரோண்டா ரவுஸி, சார்லட் ஃப்ளேர்.

எனக்குப் பிடித்தது வேறு. புரூக்ளினில் சாஷா தோற்றார். தோற்ற பிறகு சாஷா, பேய்லி, பெக்கி, சார்லட் நால்வரும் ரிங்கில் கட்டிப்பிடித்து நின்றார்கள். கயிற்றுமூலை சொல்லும் தோற்பவரின் பெருமை அதில் இருக்கிறது. பெண்களுக்கு அரை நிமிடம் கொடுத்தபோது எல்லாப் பெண்களுக்கும் ஒன்றாகத்தான் அவமானம், ஆகவே ஒருத்தி மேலே போனால் மற்றவர்களுக்கும் கதவு திறக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் பதவி உயர்வு பெற்றால் மற்ற பெண்களை ஒருவருக்கொருவர் எதிரியாக்கிவிடும் பேச்சு உடனே கிளம்பும். அப்போதெல்லாம் அந்த நால்வரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இரு பிள்ளைகளின் தந்தை

வணக்கம். முழுவதும் படித்தேன். எனக்கு நடைமுறையான ஒரு கவலை. என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். ரெஸ்லிங் பார்த்துவிட்டு தங்கையைத் தூக்கிக் கட்டிலில் போடுகிறான். நீங்கள் சொல்லும் நம்பிக்கை, பொறுப்பு எல்லாம் அவனுக்கு எங்கே தெரிகிறது? அவன் கண்ணுக்கு அடிதான் தெரிகிறது. பார்க்கவே கூடாது என்று சொல்லிவிடலாமா?

முதுகெலும்பு

ஐயா, தங்கையைத் தூக்குவதை இன்றே நிறுத்துங்கள், அதில் பேச்சே வேண்டாம். குழந்தையின் கழுத்து எதையும் தாங்காது. மற்றபடி பார்க்கத் தடை போட்டால் ஒளிந்து பார்ப்பான். உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள்.

எதைக் காட்டக் கூடாது என்று முதலில் சொல்கிறேன். மிக் ஃபோலியின் பழைய ஆட்டங்கள் இணையத்தில் அதிகம் சுற்றுகின்றன. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். அண்டர்டேக்கர் அவரைக் கூண்டின் உச்சியிலிருந்து கீழே மேசைமேல் தள்ளினார், பிறகு அதே கூண்டின் கூரை உடைந்து உள்ளே விழுந்தார். அதைத்தான் எல்லோரும் வீரம் என்று பகிர்கிறார்கள். அடுத்த ஜனவரியில் தி ராக்கோடு ஆடியபோது ஃபோலியின் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்து விலங்கு போட்டிருந்தார்கள், தலையை மறைக்கக் கை இல்லை. இரும்பு நாற்காலி அடி பதினொன்று, தலையில். பேசிவைத்ததைவிட இரண்டு மடங்கு. அவருடைய மனைவியும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதது ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் முகத்தை ஒருமுறை பார்த்தால் ‘வலியைத் தாங்குவதே ஆண்மை’ என்ற பேச்சை மறுபடி பேச வராது. தலையில் நாற்காலியால் அடிப்பதைப் பின்னாளில் அந்த நிறுவனமே தடை செய்தது.

கயிற்றுமூலை

தந்தையாரே, காட்ட வேண்டியதை நான் சொல்கிறேன். அதே மூன்றாவது ரெஸில்மேனியாவில் ரிக்கி ஸ்டீம்போட்டும் ராண்டி சாவேஜும் ஆடிய ஆட்டம். கால் மணி நேரம்கூட இல்லை. ஹோகன், ஆந்த்ரே ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வந்தது, ஆனால் அன்றைய தினத்தின் சிறந்த ஆட்டம் இதுதான் என்று பழைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள்.

சாவேஜ் அந்தக் காலத்து வழக்கத்துக்கு மாறாக, முழு ஆட்டத்தையும் முன்கூட்டியே காகிதத்தில் எழுதி எண் போட்டு வைத்திருந்தார். ஸ்டீம்போட்டை அழைத்து, இந்த எண்ணுக்கு அடுத்து என்ன என்று வரிசையாகக் கேட்டு மனப்பாடம் செய்யவைப்பார். இவ்வளவு உழைத்தவர் அன்று பட்டத்தை இழந்தவர்.

மகனோடு பார்க்கும்போது அடிப்பவரைப் பார்க்க வேண்டாம், அடி வாங்குபவரின் கைகளைப் பார் என்று சொல்லுங்கள். எதிராளியைத் தூக்கும்போது அவர் எப்படித் தானே எம்பிக் கொடுக்கிறார், விழும்போது தாடை எங்கே போகிறது, தூக்கியவர் எந்தக் கையால் அவர் தலையைக் காக்கிறார் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். மந்திரவாதியின் வித்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் அந்த வயதில் அதிகம்.

இரு பிள்ளைகளின் தந்தை

மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்காரவைத்துப் பார்க்கிறேன். தங்கையும் கூட இருந்தால் நல்லதுதானே? தூக்கப்படுபவளின் பக்கமும் அவளுக்குத் தெரியட்டும்.

கோவைக்காரி

அவசியம் இருக்கட்டும். அப்படியே புரூக்ளின் ஆட்டத்தையும் காட்டுங்கள், ஆனால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். கையை மிதிக்கும் இடம் ஒன்று உண்டு, சின்னவளுக்குப் பயமாக இருக்கலாம்.